சிவப்பைத் தொட்ட சேறு

அளவுக்காரிக்கு ஓர் இடத்தில் உட்காரத் தெரியாது. சாப்பிடும்போதுகூட ஒரு காலை வாசல் பக்கம் வைத்துக்கொண்டுதான் சாப்பிடுவாள் என்று அவளுடைய அக்கா கேலி செய்வாள். அப்படிப்பட்டவளுக்கு வாய்த்த வேலையைப் பாருங்கள்: சேறு படிகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கிற வேலை. உலகத்தில் சேற்றைவிட நிதானமான பொருள் உண்டா? அது தன் இஷ்டத்துக்குத்தான் படியும். இவள் கரைமேல் குறுக்கும் நெடுக்கும் நடந்து செருப்பைத் தேய்த்ததுதான் மிச்சம்.

துறைமுகத்துக்குக் கப்பல் வரும் வழியில் மண் மேடிட்டுப்போனால் தூர்வாரும் கப்பல் வந்து அந்தச் சேற்றை உறிஞ்சி எடுக்கும். முன்பெல்லாம் அதை நடுக்கடலில் கொண்டுபோய்க் கொட்டிவிட்டு வருவார்கள். இப்போது அதே சேற்றைப் பெரிய குழாய் வழியாகத் தள்ளிக் கரையோரம் கொட்டி, கடல் தின்றுவிட்ட சதுப்பு நிலத்தைத் திரும்ப உண்டாக்குகிறார்கள். சதுப்பு இருந்த காலத்தில் அலை அதன் புல்லுக்குள் புகுந்து புகுந்து களைத்துப்போய்த்தான் தெருவுக்கு வரும். புல் போன பிறகு களைப்பே இல்லாமல் வந்தது. தெருவில் கடைசி வீடு அக்காவுடையது. முதல் மரியாதை அங்கேதான்.

இதில் சூட்சுமம் உயரத்தில் இருக்கிறது. சேறு கொஞ்சம் ஏறிப்போனால் புல்லுக்குப் பதில் புதர் முளைத்துக் கட்டாந்தரையாகிவிடும். கொஞ்சம் தாழ்ந்துபோனால் நட்ட புல் மூழ்கிச் செத்துவிடும். புல் இல்லாத சேற்றை முதல் புயலே வழித்துக்கொண்டு போய்விடும். நடுவில் இருக்கிற இடம் ஒரு சாண். அந்த ஒரு சாணைக் காவல் காக்கத்தான் இவளுக்குச் சம்பளம்.

அதற்காகச் சேறு கொட்டும் இடம் முழுக்கக் கம்பங்கள் நட்டிருந்தாள். ஒவ்வொன்றிலும் ஒரு சிவப்புப் பட்டை. சேறு பட்டையைத் தொட்டால் போதும் என்று கணக்கு. முன்பு வேலை செய்த இடத்தில் கம்பங்கள் இளகிய தரையில் நிற்காமல் குடிகாரர்கள் மாதிரி ஆளுக்கொரு பக்கம் சாய்ந்து கிடந்தன. இவள் யோசித்துக் கம்பத்தின் அடியில் அகலமான இரும்புத் தட்டு ஒன்றைப் பற்றவைக்கச் சொன்னாள். தட்டுக் காலோடு நட்ட கம்பங்கள் ஜம்மென்று நேராக நின்றன. பெரிய இன்ஜினியரே வந்து பார்த்துவிட்டு, "இது யார் யோசனை?" என்று கேட்டார். அன்றிலிருந்து இவள் தரையிலிருந்து கொஞ்சம் மேலேதான் நடந்துகொண்டிருந்தாள் என்று வையுங்களேன்.

நேற்றுத்தான் எல்லாக் கம்பத்திலும் சேறு சிவப்பைத் தொட்டது. தூரக்கண்ணாடியால் ஒவ்வொன்றாகப் பார்த்து முடித்து, கரைமேல் ஏறி நின்று இரண்டு கைகளையும் தலைக்குமேல் தூக்கினாள். அதுதான் அங்கே வழக்கம். அளவு பார்க்கிறவர் கையைத் தூக்கினால் கப்பலில் பம்பு நிற்கும். நின்றது. மாதக்கணக்கில் காதுக்குள் இரைந்துகொண்டிருந்த சத்தம் நின்றதும் எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். மாலையில் மதகைத் திறந்து, இதுவரை வெளியே நிறுத்தியிருந்த கடலை உள்ளே விட ஏற்பாடு செய்தார்கள். இன்று காலையிலிருந்து குழாய்களைக் கழற்றும் வேலை. சாயங்காலம் கப்பல் வேறொரு துறைமுகத்துக்குக் கிளம்புகிறது.

இன்றைக்கே அக்காவும் வீடு திரும்புகிறாள்.

அது தனிக் கதை. போன மழைக்காலத்தில் ஓர் இரவு சின்னவள் தூக்கத்தில் கட்டிலிலிருந்து கையைத் தொங்கவிட்டாள். கை தண்ணீருக்குள் இருந்தது. குழந்தை விழித்துப் பார்த்து, கடல் வந்திருக்கிறது என்று சிரித்தாளாம். அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. மறுநாளே இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு மேட்டுப் பகுதியில் தையல் கடைக்கு மேலே ஓர் அறை பிடித்துக் குடியேறிவிட்டாள். அத்தான் வீட்டை விட்டு வர மறுத்துவிட்டார். இருவருக்கும் சண்டை என்று சொல்ல முடியாது. ஆனால் ஒரே ஊரில் இரண்டு அடுப்பு எரிந்தது. அத்தான்தான் இந்த வேலையில் குழாய் மேஸ்திரி, குழாயின் வாயை இடம் மாற்றி மாற்றி வைத்துச் சேற்றைப் பரப்புகிறவர். தன் வீட்டு வாசலுக்குத் தானே மண் அடிக்கிற மாதிரி வெறியோடு வேலை பார்த்தார்.

நடுவில் புகுந்து வாக்குக் கொடுத்தது அளவுக்காரி. "சேறு சிவப்பைத் தொடட்டும் அக்கா. தொட்ட மறுநாள் நீ கண்ணை மூடிக்கிட்டு வீட்டுக்கு வரலாம். நான் சொல்றேன்." அக்கா அத்தானை நம்பவில்லை, இன்ஜினியரை நம்பவில்லை, தங்கச்சியை நம்பினாள்.

இப்படி எல்லாம் கூடி வந்த நாளில் வேறு யாராக இருந்தாலும் நன்றாகத் தூங்கியிருப்பார்கள். இவளுக்குத் தூக்கம் கொள்ளவில்லை. விடிந்ததும் கரைக்கு வந்துவிட்டாள். இன்று முழுநிலா நாள், கடல் நன்றாக ஏறும். அந்த ஏற்றம் சிவப்புப் பட்டையை வந்து தொட்டுவிட்டுத் திரும்ப வேண்டும். அதற்குமேல் ஏறக் கூடாது. அந்த அழகைப் பார்க்கத்தான் வந்தாள்.

தண்ணீர் மதகு வழியாக வந்தது. சேற்றை மூடியது. சிவப்புக்கு வந்தது. நிற்கவில்லை. சிவப்பை விழுங்கிவிட்டு மேலே போயிற்று. எங்கே பார்த்தாலும் வெள்ளைக் கம்பத்தின் நுனிகள்தான் தெரிந்தன.

காற்று தண்ணீரைத் தள்ளுகிறது என்று முதலில் தன்னைத்தானே சமாதானம் செய்துகொண்டாள். காற்றே இல்லை. பாலத்துக்கு ஓடினாள். பாலத்தின் தூணில் ஒரு பித்தளைக் குமிழ் பதித்திருக்கிறது. பாறைவரை இறங்கிய தூண், அசையாது. ஊர் உயரத்துக்கெல்லாம் அதுதான் ஆதாரம். அங்கே தண்ணீர் எந்த இடத்தில் நிற்க வேண்டுமோ அதே இடத்தில் சாதுவாக நின்றுகொண்டிருந்தது. ஆக, கடல் அதிகம் ஏறவில்லை.

உயரம் அளக்கும் லெவல் மிஷினை நிறுத்திக் குமிழைப் பார்த்தாள், பிறகு கம்பங்களைப் பார்த்தாள். நம்பாமல் மறுபடி நிறுத்திப் பார்த்தாள். எல்லாக் கம்பமும் ஒரு சாண் இறங்கியிருந்தது. நடுவில் இருந்தவை அதற்கும்மேல். கொட்டிய சேற்றின் பாரத்தில் அடித்தரை அமுங்கியிருக்கிறது. தரைமேல் தட்டுக் காலில் உட்கார்ந்திருந்த கம்பங்களும் கூடவே அமுங்கியிருக்கின்றன, எல்லாம் ஒன்றாக, கொஞ்சமும் சாயாமல். பழைய குடிகாரக் கம்பங்களாக இருந்திருந்தால் ஒன்றாவது தலையை ஆட்டிக் காட்டிக்கொடுத்திருக்கும். நட்ட அன்று குமிழோடு ஒப்பிட்டுப் பார்த்ததோடு சரி, அப்புறம் தூரக்கண்ணாடியே போதும் என்று இருந்துவிட்டாள். சேறு சிவப்பைத் தொடவில்லை. சிவப்பு கீழே இறங்கி வந்து சேற்றைத் தொட்டிருக்கிறது.

அவமானம் ஒரு பக்கம் பிடுங்கித் தின்றது. அதைவிடப் பெரிய கவலை இன்னொன்று. குழாயைக் கழற்றிக்கொண்டிருக்கிறார்கள். அது போய்விட்டால் துறைமுகத்தில் மிச்சமிருக்கும் சேற்றை இங்கே கொண்டுவர வழியே இல்லை. பிறகு வேறு கப்பல் வந்து அதை நடுக்கடலில் கொட்டிவிடும். அக்கா சாமான்களை லாரியில் ஏற்றிக்கொண்டிருப்பாள்.

அத்தான் கரைச் சாலையில் குழாய் இணைப்பின் போல்ட்டுகளைத் தளர்த்திக்கொண்டிருந்தார். புதுச் சட்டை போட்டிருந்தார். குழாய் வேலைக்கு யாராவது புதுச் சட்டை போடுவார்களா? முகத்தை மழித்து, தலையைப் படிய வாரி, கல்யாண மாப்பிள்ளை கணக்காக நின்றார். பார்த்ததும் இவளுக்குச் சொல்ல மனம் வரவில்லை. ஆனாலும் நடந்ததைச் சொல்லிவிட்டாள்.

அத்தான் ஸ்பேனரைக் கீழே வைத்தார். ஆச்சரியப்படவில்லை. அதுதான் அவளுக்கு உறைத்தது.

"உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டாள்.

அவர் பாலத்தைப் பார்த்தார். "நான் டீ குடிக்கிற இடத்துல நின்னா சிவப்புப் பட்டை பாலத்துக் கைப்பிடியோட ஒட்டித் தெரியும். கொஞ்ச நாள்ல கீழ இறங்கித் தெரிஞ்சுது. முதல்ல என் கண்ணுதான் கோளாறுன்னு நினைச்சேன்."

"அப்புறம்?"

"அப்புறம் கண்ணு நல்லா இருக்குன்னு தெரிஞ்சுது."

"ஏன் அத்தான் எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா நீ கையைத் தூக்க மாட்ட. நீ கையைத் தூக்கலன்னா அவ வர மாட்டா." அவர் குரல் இறங்கிவிட்டது. "அவ முதல்ல வந்துடட்டும்மா. வந்து அடுப்பைப் பத்த வச்சுட்டான்னா திரும்பப் போக மாட்டா. மத்ததை அப்புறம் பாத்துக்கலாம். வாசல்ல நான் மண் மூட்டை அடுக்குறேன். ஒரு சாண்தானே?"

அளவுக்காரிக்குக் கோபம் தலைக்கேறியது. ஆனால் யார்மேல் கோபப்படுவது? தப்பு செய்தது இவள். மறைத்தது அவர். ஏமாறப்போவது அக்கா. இந்த மனுஷன் தினமும் ராத்திரி யாருமில்லாத வீட்டில் தனியாகத் தட்டு வைத்துச் சாப்பிட்டதை இவளும் பார்த்தவள்தான். பாவமாகவும் இருந்தது, அறையலாம் போலவும் இருந்தது.

"ஒரு சாண்லதான் அத்தான் புல்லு இருக்கு," என்றாள். "நான் மாஸ்டர்கிட்டப் போறேன்."

மாஸ்டர் என்பது தூர்வாரும் கப்பலின் தலைவர். சிரித்தால் பல் கொட்டிவிடும் என்று நினைக்கிற ஜாதி. கரையில் இருந்த தகரக் கொட்டகையில் மின்விசிறிக்கு நேராக உட்கார்ந்திருந்தார். இவள் சொன்னதை முழுக்கக் கேட்டார்.

"நேத்து ரெண்டு கையையும் தூக்கினது யாரு?"

"நான்தான்."

"நீ தூக்கின, நான் நிறுத்தினேன். நிறுத்தச் சொல்லக் கை இருக்கு. திரும்ப ஆரம்பின்னு சொல்ல எந்தக் கையும் இல்லம்மா. சாயங்காலம் நான் கிளம்பியாகணும்."

"தப்பு என்னோடது சார். நேர்ல வந்து தண்ணி எங்க நிக்குதுன்னு மட்டும் பாருங்க."

"பாத்தா என் மனசு மாறும்னு பயமா இருக்கு. அதனால பாக்க மாட்டேன்," என்றார் அவர். வேடிக்கையாகச் சொன்னாரா உண்மையாகவா என்று கடைசிவரை தெரியவில்லை. பெரிய இன்ஜினியருக்குப் போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. கொட்டகைக்கும் கரைக்கும் நடுவே நின்றாள். கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வாழ்க்கையில் முதல்முறையாக நின்ற இடத்தில் நின்றாள்.

அப்போதுதான் கரைச் சாலையில் லாரி வந்தது. பின்னால் கட்டில், பீரோ, மடித்த மெத்தை, மெத்தைமேல் இரண்டு பிள்ளைகள். முன்னால் ஓட்டுநர் பக்கத்தில் அக்கா. தெருவின் கடைசி வீட்டுக்கு அந்த ஒரே சாலைதான். கழற்றிய குழாய்கள் போவதற்கும் அதே சாலைதான்.

அக்கா கையை நீட்டி ஆட்டினாள். அவள் அப்படிச் சிரித்து ரொம்ப நாள் ஆகியிருந்தது. "வழியை விடுடி, மகாராணி வீட்டுக்குப் போறா," என்றாள்.

அத்தான் லாரியைப் பார்த்தபடியே இருந்தார். பிறகு அளவுக்காரியைப் பார்த்தார். கண்ணால் கெஞ்சினார். ஒரு நாள், ஒரே ஒரு நாள் என்று அந்தக் கண் கேட்டது.

"அக்கா, இறங்கு," என்றாள் அளவுக்காரி. "உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். என் கணக்கு தப்பாயிடுச்சு."

அக்கா இறங்கினாள். இவள் அவளைக் கரை விளிம்புக்குக் கூட்டிப்போய்க் கையை நீட்டிக் காட்டினாள். கம்பங்கள் அமுங்கியதைச் சொன்னாள், புல் முளைக்காது என்று சொன்னாள், குழாய் இன்றோடு போகிறது என்று சொன்னாள். அத்தானைப் பற்றிச் சொல்லவில்லை. அது தன் வாயால் வரக் கூடாது என்று நினைத்தாள். ஆனால் அக்கா இருபது வருஷம் குடும்பம் நடத்தியவள். தண்ணீரைப் பார்த்தாள், திரும்பிப் புருஷனின் புதுச் சட்டையைப் பார்த்தாள், அவர் முகத்தைப் பார்த்தாள்.

"உங்களுக்கு இது முன்னாடியே தெரியும்," என்றாள். கேள்வியாகக் கேட்கவில்லை.

அவர் தலை குனிந்தார்.

"தண்ணி வரும்னு தெரிஞ்சே கூப்பிட்டிருக்கீங்க. வந்திருந்தா சின்னவளை எங்க படுக்க வச்சிருப்பீங்க?"

"என் நெஞ்சு மேல," என்றார் அத்தான்.

அவர் அதை அப்போது யோசித்துச் சொல்லவில்லை. பல ராத்திரி யோசித்து முடித்து வைத்திருந்த பதில் அது என்பது கேட்ட இருவருக்கும் தெரிந்தது. அக்காவின் முகம் ஒரு கணம் என்னவோ ஆயிற்று. அழப்போகிறாள் என்று தங்கை நினைத்தாள். அக்கா அழவில்லை, லாரிக்காரரிடம் போனாள்.

"அண்ணே, கட்டிலை இறக்குங்க."

"இங்கயா? வீடு அந்தக் கோடியிலன்னு சொன்னீங்க."

"இங்கதான். ரோட்டுக்குக் குறுக்கே போடுங்க."

லாரிக்காரர் தலையில் அடித்துக்கொண்டு இறக்கினார். கட்டில் சாலையை அடைத்துக்கொண்டு நின்றது. அக்கா அதன்மேல் மெத்தையை விரித்து, பிள்ளைகளை ஏற்றி, தானும் காலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்தாள். குழாய் ஏற்றிய முதல் வண்டி அந்தப் பக்கம் வந்து ஹாரன் அடித்தது. அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பெரியவன் வெட்கத்தில் தலையணையால் முகத்தை மூடிக்கொண்டான். சின்னவளுக்குக் கொண்டாட்டம்.

கொட்டகையிலிருந்து மாஸ்டர் வந்தார். "என்னம்மா இது?"

"கட்டில்," என்றாள் அக்கா.

"அது தெரியுது. வண்டி போகணும்."

"போகட்டும். அந்தக் குழாய் எங்க இருந்துதோ அங்க திரும்பப் போகட்டும். வேற பக்கம் போகணும்னா என் கட்டில் மேல ஏறித்தான் போகணும். நான் ஆறு மாசமா அடுத்தவங்க வீட்டுல ஒண்டிக்கிட்டு இருந்திருக்கேன். எனக்கு உட்காரத் தெரியும். என் தங்கச்சிக்குத்தான் தெரியாது."

மாஸ்டர் கோபப்பட்டுப் பார்த்தார், கெஞ்சிப் பார்த்தார், கடிகாரத்தைக் காட்டிப் பார்த்தார். அக்கா பிள்ளைக்குத் தலை வாரிவிட ஆரம்பித்தாள். தெருவிலிருந்து ஆட்கள் வந்து கூடினார்கள். விஷயம் தெரிந்ததும் ஒருவர் தன் வீட்டு நாற்காலியைக் கொண்டுவந்து கட்டிலுக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். இன்னொருவர் பெஞ்சு கொண்டுவந்தார். கொஞ்ச நேரத்தில் சாலையில் பாதித் தெருவின் தட்டுமுட்டுச் சாமான்கள் இருந்தன. வேறு வழியில்லாமல் மாஸ்டரே கரை விளிம்புக்குப் போய், பார்க்க மாட்டேன் என்று சொன்னதைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"ஒரு சாண்," என்றார் தனக்குத்தானே. பிறகு போனை எடுத்தார். அவர் அழைத்ததும் பெரிய இன்ஜினியர் எடுத்தார். அதைக் கேட்டு அளவுக்காரிக்கு வயிறு எரிந்தது என்றாலும், அப்போதைக்கு அதைப் பெரிதுபடுத்தவில்லை.

மதியத்துக்குமேல் பெரிய இன்ஜினியர் வந்தார். தட்டுக் கால் யோசனையைப் பாராட்டியவர் இந்த முறை எதையும் பாராட்டவில்லை. இவளை நிற்கவைத்து நாலு வார்த்தை கேட்டார். கேட்க வேண்டியதுதான், கேட்டுக்கொண்டாள். ஆனால் குழாயைத் திரும்பப் பூட்டச் சொல்லிவிட்டுத்தான் போனார். மதகை மூடினார்கள். அத்தான் புதுச் சட்டையைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு, தளர்த்திய போல்ட்டுகளைத் தன் கையாலேயே முறுக்கினார். கட்டிலைச் சுற்றித்தான் போய்வர வேண்டியிருந்தது. ஒவ்வொரு முறையும் அந்தப் பக்கம் பார்க்காமல் போனார். அக்காவும் இந்தப் பக்கம் பார்க்காமல் உட்கார்ந்திருந்தாள்.

சாயங்காலம் பம்பு மறுபடி இரைந்தது. குழாயின் வாய் இருமி, கக்கி, பிறகு கறுப்பாகச் சேற்றைக் கொட்ட ஆரம்பித்தது. தெருக்காரர்கள் நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு கலைந்தார்கள். லாரிக்காரர் வந்து நின்றார்.

"அம்மா, இப்பவாவது சொல்லுங்க. எந்தப் பக்கம்?"

மேட்டு அறையின் சாவியை அக்கா காலையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டாள். வீடு கூப்பிடு தூரத்தில் இருந்தது. காலையில் பெருக்கித் துடைத்த வாசல் இங்கிருந்தே தெரிந்தது. அத்தான் கையைத் துடைத்தபடி வந்து கொஞ்சம் தள்ளி நின்றார்.

அக்கா தங்கையிடம் கேட்டாள். "இந்தத் தடவை எப்போ தொடும்?"

நேற்றுவரை இருந்த அளவுக்காரி என்றால் கேட்ட வாய் மூடுவதற்குள் ஒரு நாளைச் சொல்லியிருப்பாள். அக்காவை வீட்டுக்கு அனுப்ப அந்த ஒரு வார்த்தை போதும். அத்தானும் அந்த வார்த்தைக்காகத்தான் நின்றார்.

"தெரியாதுக்கா. தரை இன்னும் அமுங்கிக்கிட்டிருக்கு. எப்ப நிக்கும்னு எனக்குச் சொல்லத் தெரியல."

அக்கா கட்டிலிலிருந்து இறங்கினாள். சின்னவளை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டாள். "சரி, தெரியிறப்போ சொல்லு. அதுவரைக்கும் உன் ரூம்லதான் நாங்க. நடு ராத்திரியில எழுந்து நடக்காத, பிள்ளைங்க முழிச்சுக்கும்." பிறகு புருஷனைப் பார்க்காமல், ஆனால் அவருக்குக் கேட்கும்படி, "அவருக்கும் சேர்த்துத்தான் சமைப்பேன். வந்து சாப்பிட்டுட்டுப் போகச் சொல்லு," என்றாள்.

லாரிக்காரர், இறக்கியதோடு என் வேலை முடிந்தது என்று ஸ்டியரிங்குக்குப் பின்னால் போய் உட்கார்ந்துவிட்டார். கட்டிலை ஏற்ற ஆள் இல்லை. அத்தான் ஒரு முனையைப் பிடித்தார். அளவுக்காரி மறு முனையைப் பிடித்தாள். ஆறு மாசமாக வரும் வரும் என்று அவர் காத்திருந்த கட்டில் அது.

"பாத்துப் புடிம்மா, விரல் நசுங்கிடும்," என்றார். இரண்டு பேருமாகத் தூக்கி லாரியில் ஏற்றினார்கள். கயிற்றை அவரே இழுத்துக் கட்டினார்.